றெக்கை மேஸ்திரியும் ஒழுகாத ஒரு மணி நேரமும்

உலகத்தில் விமானம் செய்தவர்கள் பலர் இருக்கிறார்கள். செய்த விமானத்தை மாடு தின்றுவிட்டது என்று போலீசில் புகார் கொடுக்கப் போனவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் றெக்கை மேஸ்திரி. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். நானே அதைப் பல மனுக்களில் டைப் அடித்திருக்கிறேன். ஆனாலும் இன்றைக்கு எவ்வளவு யோசித்தாலும் அந்தப் பெயர் வரமாட்டேன் என்கிறது. நாமக்கல்லில் யாருக்குமே அது தேவைப்படவில்லை.

ஐம்பதுகளின் கடைசி. நான் சேலத்திலிருந்து வந்து, நாமக்கல் தாலூகா ஆபீசுக்கு எதிரே ஒரு பழைய டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு மனு அடித்துக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில், முழங்கை வரை கறுப்பு ஆயில் அப்பிய ஒரு மனிதர் வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"தம்பி, இங்கிலீசுல ஒரு பிராது அடிக்கணுமுங்க."

"அடிக்கலாங்க. யார் மேல?"

"மாட்டு மேலங்க."

"மாட்டு மேல பிராது குடுக்க முடியாதுங்களே. மாட்டுக்காரர் மேலதான் குடுக்கணும். பயிரை மேஞ்சிருச்சா?"

"பயிரில்லீங்க. றெக்கைய மேஞ்சுபோட்டுது."

கோழிப் பண்ணை விவகாரம் என்று நினைத்துக்கொண்டேன். "எத்தனை கோழிங்க?"

"கோழி எங்கீங்க வந்துது? ஏரோப்ளேனுங்க. எடது பக்க றெக்கை. பாதிக்கு மேல தின்னுபோட்டுது." நான் விரல்களை டைப்ரைட்டரின் மேல் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார். "தலைப்புல விமான விபத்துன்னு போடுங்க."

போட்டுக் கொடுத்தேன். ஸ்டேஷனில் ஏட்டு அந்தத் தாளை இரண்டு தரம் படித்துவிட்டு, மாட்டுக்கு இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் விசாரித்தாராம்.

அன்று சாயங்காலமே விபத்து நடந்த இடத்தைப் பார்க்கப் போனேன். பரமத்தி ரோட்டில் அவருடைய பட்டறை. லாரிக்கு மரத்தில் பாடி கட்டுவது தொழில். முன்பக்கம் இரண்டு லாரிகள் முதுகில்லாமல் நின்றன. அவற்றைத் தாண்டிப் போனால் புளியமரத்தடியில் அது நின்றது. நிஜமான விமானம். முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்கார இரண்டு குழிகள், லேசான மரத்தில் இழைத்து இழைத்துச் செய்த உடம்பு, அவரே கையால் செதுக்கிய காற்றாடி. வலது றெக்கை முழுசாக இருந்தது. இடது றெக்கையில் எலும்பு மட்டும் இருந்தது. ராசிபுரத்தில் நெசவாளர்களிடம் சொல்லி நெருக்கமாக நெய்து வாங்கிய துணியாம். விறைப்பாக நிற்க வேண்டுமென்று, தறியில் பாவு நூலுக்குப் போடுவதுபோல, ஜவ்வரிசிக் கஞ்சியை ஐந்து தடவை பூசிக் காயவைத்திருந்தார். எந்த மாடுதான் சும்மா இருக்கும்?

பிறகு விமானத் துணிக்கென்றே விற்கும் வார்னிசை மதராசிலிருந்து வரவழைத்துப் பூசினார். அதன் வாடைக்கு மாடு மட்டுமல்ல, ஒரு மாதத்துக்கு வாடிக்கைக்காரர்களும் அந்தப் பக்கம் வரவில்லை.

யுத்த காலத்தில் அவர் பட்டாளத்தில் விமானம் பழுது பார்க்கும் பிரிவில் பிட்டராக இருந்தவர். "நாலு வருசமுங்க தம்பி. எத்தனையோ ப்ளேனுக்குக் கீழ படுத்துப் போல்ட்டு முடுக்கியிருக்கேன். வாடா, ஒரு சுத்து போயிட்டு வரலாமுன்னு ஒருத்தன் கூப்படலீங்க" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் சிரிப்பு இருக்காது. யுத்தம் முடிந்து பழைய சாமான்களை ஏலம் விட்டபோது, நாலு சிலிண்டர் கொண்ட ஒரு சின்ன விமான எஞ்சினை எடுத்து, வைக்கோல் வண்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். எஞ்சின் வந்த பிறகு அதற்கேற்ற விமானத்தைச் செய்தார். சட்டைப் பொத்தானுக்குச் சட்டை தைத்த மாதிரி.

எல்லாமே நன்றாக அமைந்தது. எஞ்சின் ஒழுகியது, அது ஒன்றுதான் குறை.

விமானத்தின் வாலை லாரிச் சங்கிலியால் புளியமரத்தோடு கட்டிவிட்டு எஞ்சினைக் கிளப்புவார். அரை நிமிஷத்தில், காற்றாடிக்குப் பின்னால் நிற்கிற எல்லார்மேலும் கல்யாண வீட்டில் பன்னீர் தெளிப்பதுபோல ஆயில் தெளிக்கும். முதல் மாதத்திலேயே என் நாலு வெள்ளைச் சட்டைகளும் புள்ளிச் சட்டைகளாகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் பாதிரியார் முதலில் என் சட்டையைப் பார்ப்பார். அப்புறம்தான் முகத்தைப் பார்ப்பார்.

மூன்று படி ஆயில் பிடிக்கிற எஞ்சின் அது. ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு படி வெளியே போய்விடும். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவர் மேஸ்திரியின் மனைவி பாவாயி அக்கா. அடுப்படியில் இருந்தபடியே சத்தத்தை வைத்து எத்தனை சிலிண்டர் வேலை செய்கிறது என்று சொல்லக்கூடியவர். புருஷன் பறப்பதில் அவருக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஒழுகுவதில்தான் ஆட்சேபம்.

"ஏனுங்க, லாரின்னா ஆயிலு தீந்தா ஓரங்கட்டி ஊத்திக்குவீங்க. மேல எங்கீங்க ஓரம் இருக்குது?"

மேஸ்திரி அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். அக்காவே தொடர்ந்தார்.

"ஒரு மணி நேரம் ஓட்டோணும். கீழ ஒரு சொட்டு உழுகக் கூடாது. அப்புறமேலு நானே வாலப் புடிச்சுத் தள்ளி உடறேன். அதுவரைக்கும் சங்கிலியக் கழட்டப்படாது."

அவ்வளவுதான் நிபந்தனை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்காக மேஸ்திரி இரண்டு வருஷம் போராடினார்.

முதலில் எல்லா போல்ட்டுகளையும் இறுக்கினார். ஒழுகல் நிற்கவில்லை. இன்னும் இறுக்கினார். ஒரு போல்ட்டு உடைந்து, அதன் வழியாகவும் ஒழுகியது. அப்புறம்தான் பவுடர் வைத்தியம் தொடங்கியது. எஞ்சினைப் பெட்ரோலில் கழுவித் துடைத்து, முகத்துக்குப் போடுகிற பவுடரை மேலெல்லாம் கனமாகப் பூசிவிடுவார். ஐந்து நிமிஷம் ஓட்டி நிறுத்தினால் எங்கே பவுடர் நனைந்து கறுத்திருக்கிறதோ அங்கே கசிவு. நல்ல யோசனைதான். டப்பா பாவாயி அக்காவுடையது என்பதுதான் சிக்கல்.

ஒரு நாள் அக்கா கல்யாணத்துக்குக் கிளம்பிப் பட்டுச் சீலையோடு பட்டறைக்குள் வந்தார். "என்ற பவுடரு எங்கீங்க?"

"எஞ்சினுக்குப் பூசிப்போட்டேன்."

அக்கா எஞ்சினை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. அப்ப கல்யாணத்துக்கு அதையே கூட்டிட்டுப் போங்க."

பவுடரால் இரும்பும் இரும்பும் சேருகிற இடங்களில் ஏழெட்டுக் கசிவுகள் தெரிந்தன. அந்த இடங்களில் நடுவே வைக்கிற பட்டைக்குப் பட்டறையில் பேக்கிங் என்று பெயர். பழைய பேக்கிங் எல்லாம் மக்கிப் போயிருந்தது. லாரி டியூப் ரப்பரை வெட்டி வைத்தார். ஆயில் பட்டு அது பணியாரம்போல ஊதிவிட்டது. ஜவ்வரிசிப் பசையைத் தடவிப் பார்த்தார். எஞ்சின் சூடானதும் பட்டறை முழுக்கப் பாயசம் கொதிக்கிற வாசனை வந்தது.

இதற்கு நடுவில், பறக்க அனுமதி கேட்டு, அவர் சொல்லி நான் அடித்து அனுப்பிய மனுவுக்கு மதராசிலிருந்து, விமானங்களைச் சோதிக்கிற அலுவலகத்திலிருந்து, பதில் வந்தது. நல்ல கெட்டித் தாள். விமானத்தைப் பார்வையிட ஒரு அதிகாரி வருவார், அவர் வரும்போது இந்தக் கடிதத்தைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. படித்துச் சொன்னேன். மேஸ்திரி தாளை வாங்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார். கவர்ன்மென்ட் கடிதத்தின்மேல் இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்து போனேன்.

மறுநாள் கடிதத்தை என் பைலில் வைக்கலாம் என்று கேட்டேன்.

"பத்திரமா இருக்குதுங்க."

"எங்கீங்க?"

"ஆயிலு பம்பு மூடிக்கு அடியில. என்ன கனமுங்கறீங்க. ஒரு கசிவு இல்ல. இன்னொரு லெட்டரு போடச் சொல்லி எழுதுங்க தம்பி, ரெண்டு மூடி பாக்கி இருக்குது."

இப்படியாக வெளிக்கசிவுகள் ஒவ்வொன்றாக அடங்கின. ஆனாலும் படிக்கணக்கில் ஆயில் போவது நிற்கவில்லை. எஞ்சினுக்கு மூச்சுக் குழாய் என்று ஒன்று உண்டு. உள்ளே எரிகிற புகையில் கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டி எஞ்சினின் வயிற்றுக்குள் இறங்கிவிடும். அது வெளியேற ஒரு குழாய். அந்தப் புகை போகிறபோது ஆயிலையும் பனிமாதிரி கூடவே கூட்டிக்கொண்டு போய்விடும். ஆயில் போகிற வழி தெரிந்துவிட்டது. அதை நிறுத்துகிற வழிதான் தெரியவில்லை.

பாதி வழியைப் பாவாயி அக்கா காட்டினார். காட்ட வேண்டும் என்று நினைத்துக் காட்டவில்லை. கோபத்தில் செய்தார். ஒரு நாள் ஆயில் டின்னை எடுத்து வீட்டுக்குள் எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டார். மேஸ்திரி கெஞ்சிப் பார்த்தார், கிடைக்கவில்லை. கையிலிருந்த இரண்டு படியை மட்டும் ஊற்றி வீம்புக்கு ஒரு மணி நேரம் ஓட்டினார். நிறுத்தி அளவுகோலை விட்டுப் பார்த்தால், இரண்டு ஆழாக்குதான், அதாவது கால் படிதான் குறைந்திருந்தது. கோல் தப்பு என்று வேறு கோல் செய்து பார்த்தார். மறுநாளும் அதேதான். அக்கா மனமிரங்கி டின்னைக் கொடுத்ததும் பழையபடி மூன்று படி ஊற்றி ஓட்டினார். ஒரு படி போய்விட்டது. மேஸ்திரி மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா சொன்னார். "மூணு ஊத்துனா ஒண்ணத் துப்புது. ரெண்டு ஊத்துனா வெச்சுக்குது. ரெண்டு போதுமுன்னு அது நெம்ப நாளாச் சொல்லிட்டு இருக்குது. நீங்கதான் காதுல வாங்கல."

அன்றிலிருந்து இரண்டு படிதான். மிச்சம் அந்த இரண்டு ஆழாக்கு. நானாக இருந்தால் அதோடு விட்டிருப்பேன்.

"ரெண்டு ஆழாக்குன்னாலும் ஒழுக்கு ஒழுக்குத்தானுங்க தம்பி. அவ சொட்டுக் கூடாதுன்னு சொல்லியிருக்கறா."

ஒரு மத்தியானம் அக்கா சோற்றுப் பானையின் மூடியைத் தூக்கியபோது, மூடியின் அடியில் கோத்திருந்த நீராவி நீராகப் பானைக்குள்ளேயே சொட்டியது. பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்த மேஸ்திரி இலையை விட்டு எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார். ஆவி எதிலாவது மோதினால் சொட்டாகும், சொட்டானதைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்பிவிடலாம். அதற்கு மூடியுள்ள பாத்திரம் ஒன்று வேண்டும். அடுக்கடுக்காக இருந்தால் இன்னும் நல்லது.

நான் தாலூகா ஆபீசிலிருந்து சாப்பிட வந்தேன். என் அம்மா சேலத்தில் வாங்கிக் கொடுத்த மூன்றடுக்கு டிபன் கேரியரை வழக்கம்போலப் பட்டறை மேசையில் வைத்திருந்தேன். அதன் மூடியில் இப்போது அரை அங்குலத்துக்கு ஓட்டை இருந்தது.

"பயப்படாதீங்க சாமி" என்றார் மேஸ்திரி. "சோத்த எலையில எடுத்து வெச்சிருக்கேன்."

கேரியருக்குள் தேங்காய் நாரை அடைத்து, மூச்சுக் குழாயை அதற்குள் விட்டார். ஆயில் நாரில் ஒட்டி, வடிந்து, அடியில் வைத்த இன்னொரு குழாய் வழியாக எஞ்சினுக்கே திரும்பிப் போனது. இரண்டு நாள் அற்புதமாக வேலை செய்தது. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு என்னைப் பார்க்க ஒருவர் சேலத்திலிருந்து வருவதாக இருந்தது.

எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த குடும்பம். பெண்ணின் அப்பா மாப்பிள்ளையை நேரில் பார்க்க வருகிறார் என்று அம்மா எழுதியிருந்தாள். அவர் சேலத்தில் ஒரு நூல் மில்லில் மெஷின்களைப் பழுது பார்க்கிற பிரிவில் போர்மேன். கலகலப்பான மனிதர் இல்லை, ஜாக்கிரதையாகப் பேசு என்றும் எழுதியிருந்தாள். நான் என் அறையில் காத்திருக்க, அவர் அறையின் விலாசம் தெரியாமல் விசாரித்து, யாரோ கைகாட்ட நேராகப் பட்டறைக்குப் போய்விட்டார். விஷயம் தெரிந்து நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் குடையோடு அவர் விமானத்துக்கு முன்னால் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

நார் ஆயிலில் ஊறி அடைத்துக்கொண்டிருக்கிறது. மூச்சு விட வழியில்லாமல் எஞ்சினுக்கு வயிறு உப்பிவிட்டது. படார் என்று ஒரு சத்தம். காற்றாடிக்குப் பின்னால் இருந்த ஆயில் சீல் பிய்த்துக்கொண்டது. வழக்கமாகப் பின்னால் நிற்பவர்கள்மேல் தெளிக்கிற எஞ்சின், அன்று முதல்முறையாக முன்பக்கம் பீய்ச்சியது.

மேஸ்திரி எஞ்சினை நிறுத்தினார். என் வருங்கால மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இருந்த இடம் மட்டும் அவர் முகத்தில் வெள்ளையாக இருந்தது. இந்தக் கல்யாணம் இனி நடக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த எஞ்சினை முதல் நாளே மாடு தின்றிருக்கக் கூடாதா என்று இருந்தது.

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கேரியரை உற்றுப் பார்த்தார். "மூச்சுக் குழாய்ல எதை அடைச்சு வெச்சிருக்கீங்க?"

"தேங்கா நாருங்க" என்றார் மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு.

"நாரா?"

"ஆமாங்க."

அவர் குடையைப் புளியமரத்தில் மாட்டினார். வேட்டியை மடித்துக் கட்டினார். "ஸ்பானரைக் குடுங்க" என்றார்.

பொழுது சாயும்வரை இரண்டு பேரும் எஞ்சினுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. நார் ஆகாது, தகடு வைக்க வேண்டும், ஒவ்வொரு அடுக்கிலும் ஓட்டை போட்ட தகடு, மேல் ஓட்டையும் கீழ் ஓட்டையும் நேராக வரக் கூடாது, ஆவி முட்டி முட்டி வளைந்து போக வேண்டும், அப்போதுதான் ஆயில் பிரிந்து விழும், குழாயும் அடைக்காது. இதுதான் அவர் சொன்னது. மேஸ்திரி ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றார். பஸ்ஸுக்கு நேரமானபோதுதான் பெரியவருக்குத் தாம் வந்த காரியம் நினைவுக்கு வந்தது.

"நீங்கதானா மாப்பிள்ளை?"

"ஆமாங்க."

"குடி, சீட்டு ஏதாவது உண்டா?"

"இல்லீங்க."

"இந்தக் கேரியர் உங்களுதா?"

"ஆமாங்க."

"கொடுத்தீங்களா, எடுத்துக்கிட்டாரா?"

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். "குடுத்தேங்க" என்றேன்.

"சரி. அடுத்த ஞாயித்துக்கிழமை அலுமினியத் தகடு கொண்டு வரேன். அப்படியே கல்யாணத் தேதியும் பேசிக்கலாம்." சொன்னபடியே இரண்டையும் கொண்டுவந்தார். கல்யாணச் சீரில் ஒரு நாலடுக்குக் கேரியரும் இருந்தது. விருந்துக்கு வந்த மேஸ்திரி அதைப் பார்த்த பார்வையைக் கவனித்து, என் மனைவி அதை உள்ளே கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

அதிகாரி வந்தது அடுத்த தை மாதத்தில். நரைத்த மீசை. விமானப் படையில் பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வந்தவுடன் கடிதத்தைக் கேட்டார்.

"உள்ள இருக்குதுங்க" என்றார் மேஸ்திரி.

"போய் எடுத்துட்டு வாங்க."

"எடுத்தா ஒழுகுமுங்க."

நான் குறுக்கே புகுந்து விளக்கினேன். அதிகாரி வெகுநேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்பது அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. இரண்டு நாள் தங்கி விமானத்தின் ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பார்த்தார். றெக்கைத் துணியை விரலால் சுண்டிப் பார்த்தார். கடைசியில் எஞ்சினைக் கிளப்பச் சொன்னார்.

பாவாயி அக்கா ஒரு வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து எஞ்சினுக்கு அடியில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தார். ஒரு மணி நேரம். யாரும் உட்காரவில்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கையைத் தூக்கியதும் மேஸ்திரி எஞ்சினை நிறுத்தினார். அக்கா குனிந்து பார்த்தார். வேட்டியில் புளிய இலைகள் மட்டும் கிடந்தன. அளவுகோலில் அரை ஆழாக்குகூடக் குறையவில்லை.

அக்கா நேராகப் போய்ச் சங்கிலியைக் கழற்றினார்.

ஆனால் அதிகாரி மறுத்துத் தலையசைத்தார். "மேஸ்திரி, விமானம் நல்லாயிருக்கு. ஆனா உங்ககிட்ட ஓட்டற லைசென்ஸ் கிடையாது. நீங்க இதை ஓட்ட நான் அனுமதிக்க முடியாது."

மேஸ்திரி சரிங்க என்றார். பழக்கப்பட்ட குரல் அது. பட்டாளத்தில் நாலு வருஷம் இப்படித்தான் சரிங்க என்று சொல்லியிருப்பார்.

"என்கிட்ட லைசென்ஸ் இருக்கு" என்றார் அதிகாரி. "இதுல ரெண்டு சீட்டு இருக்கு. வாங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

மேஸ்திரி கையைத் துடைக்கத் துணி தேடினார். தோளிலேயே கிடந்தது. அது அவர் கண்ணில் படவில்லை.

மறுநாள் காலையில் ஊருக்கு வெளியே வறண்டு கிடந்த ஏரியில் விமானத்தைக் கொண்டுபோய் நிறுத்தினோம். சொன்னபடி பாவாயி அக்கா வாலைப் பிடித்துத் தள்ளினார். தள்ளிவிட்டு முதுகைத் திருப்பி நின்றுகொண்டார். பார்க்கவே இல்லை.

"தம்பி, எங்க போறாருங்க?"

"பனைமரத்துக்கு மேல அக்கா. இப்ப மலைப் பக்கமாத் திரும்பறாங்க."

"நாலு சிலிண்டரும் பேசுது" என்றார் அக்கா, தமக்குத் தாமே.

கால் மணி நேரம் சுற்றிவிட்டு இறங்கினார்கள். ஓடிப் போனோம். மேஸ்திரி இறங்கி நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"மலைக்கோட்டை மேலிருந்து பார்க்க எப்படி இருந்துது?" என்று கேட்டேன்.

"மலைக்கு மேலயா போனோம்?" என்றார். "கேரியரு மூடி லேசா ஆடுச்சுங்க தம்பி. அதையேதான் பாத்துட்டு இருந்தேன். ஆனா ஒரு சொட்டு வரலீங்க."

அதிகாரி ஆமாம் என்று தலையாட்டினார். "வழி முழுக்க எட்டி எட்டி எஞ்சினையே பார்த்தார். ரெண்டு தடவை நானே கீழே காட்டினேன். திரும்பலை."

பாவாயி அக்காவுக்கு வந்ததே கோபம். "இதுக்கா ரெண்டு வருசம் பாடுபட்டீங்க? ஒழுகறதப் பாக்கோணுமுன்னா புளியமரத்தடியிலயே பாக்கலாமே. சாமி, இவர இன்னொருக்காக் கூட்டிட்டுப் போங்க. இந்தத் தடவ ஊரப் பாக்கச் சொல்லுங்க."

இன்னொரு சுற்றுக்குப் பெட்ரோல் இருக்கிறது, ஏறுங்கள் என்றார் அதிகாரி. மேஸ்திரி விமானத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"இவளக் கூட்டிட்டுப் போங்க. நான் மறுக்காப் போனாலும் அதையேதான் பாப்பேன். இவ பாத்துட்டு வந்து சொல்லுவா."

அக்கா மறுப்பார் என்று நினைத்தேன். அவர் சீலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "ஒழுகாதுங்களே?" என்று மட்டும் கேட்டார்.

"ஒழுகாது, ஏறு."

அவர் மேலே இருந்த கால் மணி நேரமும் மேஸ்திரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஐந்து விரல் தடமும் சாயங்காலம் வரை என் கையில் இருந்தது. "சத்தம் மாறுதுங்களா தம்பி?" என்று நூறு தடவை கேட்டார். மாறவில்லை என்று நூறு தடவையும் சொன்னேன். எனக்கு எஞ்சின் சத்தமும் தெரியாது, ஒன்றும் தெரியாது.

அந்த விமானம் அதற்கப்புறம் பறக்கவில்லை. முறையான மைதானம் வேண்டும், இன்னும் ஏழெட்டுச் சான்றிதழ் வேண்டும் என்று மதராசிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் மெல்லிய தாள். பேக்கிங்குக்கும் உதவவில்லை. சில வருஷம் கழித்து அந்த எஞ்சினை ஒரு கிணற்றுப் பம்புக்குக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மேஸ்திரி அதற்காக வருத்தப்பட்டதாக யாரும் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது அன்றைக்கே கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அன்று பாவாயி அக்கா இறங்கியதும் அவரும் மேஸ்திரியும் விமானத்தின் மூக்குக்கு அடியில், நிழலில், ஏரி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அக்காவின் தலைமுடியெல்லாம் கலைந்திருந்தது. கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். மலை கவிழ்த்துவைத்த சட்டியாட்டம் இருந்ததாம். குளம் உள்ளங்கை அளவுதானாம். கொல்லிமலை பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்ததாம்.

"நம்ம ஊடு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க. புளியமரமும் தெரிஞ்சுது. கொடியில உங்க சட்டை காயறதுகூடத் தெரிஞ்சுது."

"நானு?"

"நீங்க கொஞ்சூண்டு இருந்தீங்க."

மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு, ம், அப்புறம், ம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தச் சமயத்தில் அவர் தலைக்கு மேலே, எஞ்சின் மூடியின் ஓரத்தில் ஒரு சொட்டு ஆயில் மெல்லத் திரண்டு தொங்கியது. நான் சத்தம் போடாமல் எட்டி, அதை என் உள்ளங்கையால் துடைத்துவிட்டேன்.